புதுச்சேரியில் ‘சொல்தா வீடு’ என்கிறார்களே, அது என்ன?

கெடிலக்கரைக்காரன்:
மூன்று மாதமாக முத்தியால்பேட்டையில் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறேன். சொந்த ஊர் கடலூர் மஞ்சக்குப்பம். கீரைக்கார அம்மா முதல் சிலிண்டர் போடுகிறவர் வரை நாங்கள் இருக்கும் வீட்டை ‘சொல்தா வீடு’ என்கிறார்கள். முதலில் ஏதோ குடும்பப் பெயர் என்று நினைத்தேன். அப்புறம் ஆபீஸில் ஒருவர், “சொல்தாவா? அவங்களுக்கென்ன, மாசமானா யூரோ வந்து விழும்” என்று ஒரு மாதிரி சிரித்தார். கீழே இருக்கும் ஓனரம்மா ரிட்டயர்டு டீச்சர். தெரியாத்தனமாக எதையாவது சொல்லிவிடக் கூடாதே என்று கேட்கிறேன். இது சாதிப் பெயரா, பட்டப்பெயரா, வசவா?

குருசுக்குப்பத்துப் பேத்தி:
நானே சொல்தா வீட்டுப் பெண்தான், தம்பி. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரெஞ்சில் போர்வீரனுக்குச் சொல்தா என்று பேர். எழுத்தில் கடைசியில் ஒரு ‘த்’ உண்டு, வாய் அதைச் சொல்லாது. நம் ஆட்கள் காதில் விழுந்தபடியே வைத்துக்கொண்டார்கள். என் தாத்தா 1949இல் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார். முதலில் வியட்நாமில் சைகோன், அப்புறம் அல்ஜீரியா. பதினைந்து வருஷம் முடித்துப் பென்ஷனோடு திரும்பினார். வாத்தியார் வீடு, கொத்தனார் வீடு என்பதுபோல எங்களுடையது சொல்தா வீடு. அவ்வளவுதான்.

அவர் திரும்புவதற்குள் ஊர் கைமாறிவிட்டது. 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படி ஒப்படைத்தது 1962 ஆகஸ்ட் 16. அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். எங்கள் வீட்டில் எழுதிக் கொடுத்தார்கள், பக்கத்து வீட்டில் கொடுக்கவில்லை. நடுவில் ஒரே மதில்தான்.

அதற்கப்புறம்தான் சொல் தடம் மாறியது. துப்பாக்கி மறந்துபோய்ப் பென்ஷன் மட்டும் ஊர் கண்ணில் நின்றது. படை முகாமையே பார்த்திராத என் அப்பாவும் சொல்தா, லிசே என்கிற பிரெஞ்சுப் பள்ளியில் படித்த தம்பியும் சொல்தா. பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தால் போதும். கல்யாணத் தரகருக்கு அது தங்கம்: “நேஷனாலிட்டி உள்ள பொண்ணு, சொல்தா வீடு!” திண்ணையில் அதே சொல்லுக்கு, குடித்துவிட்டு உட்கார்ந்து தின்கிறவன் என்று அர்த்தம்.

அந்தப் பணத்தின் லட்சணத்தையும் கேளுங்கள். தாத்தா போனபின் ஆயாவுக்குப் பாதிப் பென்ஷன்தான். அதற்கும் உயிரோடு இருப்பதாக வருஷா வருஷம் சான்று அனுப்ப வேண்டும். “உசுரோட இருக்கறதுக்கு ஒரு கையெழுத்தாடி?” என்று முனகிக்கொண்டே போடுவார்.

பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை 14 அன்று தாத்தா மெடலெல்லாம் குத்திக்கொண்டு, கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்துக்குக் கிளம்புவார். தெருவே வாசலில் நிற்கும். அன்றைக்கு மட்டும் ஒருத்தர் வாயிலும் கேலி வராது.

டீச்சரை டீச்சர் என்றே கூப்பிடுங்கள். நாங்கள் சொல்லிக்கொண்டால் ஒன்றுமில்லை. வெளியார் சொன்னால் குரலைக் கவனிப்போம்.

புஸ்ஸி வீதி வாத்தியார்:
சாதிப் பெயரா என்று கேட்டாரே, அதை அம்மா தொடவில்லை. சாதிப் பெயர் இல்லை. ஆனால் வசவில் சாதி வாடை உண்டு. 1881 ஆணைப்படி, சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் ‘ரெனோன்சான்’. அவர்களில் ஒடுக்கப்பட்டவர்களும் கிறிஸ்தவர்களும் நிறைய. படைக்குப் போனவர்களிலும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர். அவர்கள் மாடி வீடு கட்டியதைப் பொறுக்காத வயிற்றெரிச்சலும் அந்தச் சிரிப்பில் இருக்கிறது.

இன்னொன்று. லத்தீனில் ‘சொலிதுஸ்’ என்றால் ரோமானியர்களின் பொற்காசு. அதிலிருந்து இத்தாலிய மொழியில் கூலி வாங்கிப் போர் செய்கிறவனுக்குப் பெயர் வந்து, பிரெஞ்சுக்குப் போனது. திண்ணைக்காரர்கள் லத்தீன் படிக்காமலேயே காசில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள்!

லாஸ்பேட்டை ஆட்டோ:
நீங்கள் சொல்வதெல்லாம் பழைய கதை சார். எங்கள் ஸ்டாண்டில் சொல்தா என்றால், ஜூலை, ஆகஸ்ட் லீவுக்குப் பாரிஸிலிருந்து அரை டிராயரோடு வந்து பேரம் பேசாமல் ஏறுகிறவர். போன வருஷம் ஒருத்தர் பேசினார். அன்றோடு அவர் சொல்தா இல்லை.

கெடிலக்கரைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. அக்கா, நேற்று டீச்சரிடமே கேட்டுவிட்டேன். கோபப்படவில்லை. உள்ளே கூப்பிட்டு, சைகோனில் எடுத்த அவர் அப்பாவின் போட்டோவைக் காட்டினார். தட்டில் நான்கு நெம் (வியட்நாமியப் பொரித்த ரோல்) வைத்துக் கொடுத்தார். அவர் அம்மா அங்கே கற்றுவந்த கைப்பக்குவமாம்.

இன்று காலை கோயில் திருவிழா வசூலுக்கு வந்தார்கள். எதிர் வீட்டுக்கு 200, எனக்கு 1,000 என்று ரசீது கிழித்தார்கள். “நான் கடலூருங்க, வாடகைக்கு இருக்கேன்” என்றேன். “சொல்தா வீட்டு மாடிதானே?” என்று கேட்டபடியே அவர் பேனா மூடியைப் போட்டுவிட்டார்.