250 டிகிரியில் துவளும் அலுமினியம்: சிலிக்கான் கார்பைடு கலந்தும் பலனில்லை

பிறைவாசி:
வணக்கம். முதுகலை ஆய்வுக்காகப் பினாங்கின் பிறையில் ஒரு சிறிய வார்ப்புப் பட்டறையில் 6061 அலுமினியத்தை (மக்னீசியமும் சிலிக்கானும் சிறிது சேர்ந்த கலவை) உருக்கி, 25 மைக்ரான் சிலிக்கான் கார்பைடு தூளை எடையில் 10 விழுக்காடு கலக்கி வார்க்கிறேன். குழம்பு 750 டிகிரி. தூளில் பாதி உள்ளே போகாமல் கசடோடு மிதக்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். டி6 பதம் (சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, மீண்டும் மிதமாகச் சூடாக்குவது) செய்த மாதிரிகள் அறை வெப்பத்தில் நன்றாகத் தாங்குகின்றன, 250 டிகிரியில் இழுத்தால் வெறும் 6061க்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. தூளைக் கூட்டட்டுமா?

உலைக்கரி:
கூட்டாதீங்க தம்பி. முதலில் தூளை 1000 டிகிரியில் இரண்டு மணி நேரம் வறுங்கள். மேலே மெல்லிய சிலிக்கா தோல் படியும், அலுமினியம் அதோடுதான் ஒட்டும். குழம்பில் 1 விழுக்காடு மக்னீசியம் கூடுதலாகப் போடுங்கள். கலக்கும் தண்டையும் அச்சையும் சூடாக்காமல் விடாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ஹைட்ரஜன் சும்மா குழம்பில் ஏறி வாயுத் துளை போடும்.

பட்டர்வொர்த்_பழசு:
மிதப்பதற்கு அவர் சொன்னது சரி. சூட்டில் துவள்வது வேறு கதை, அது வார்ப்பின் குற்றமே இல்லை. 6061க்கு வலு தருவது டி6இல் விளையும் நுண்ணிய மக்னீசியம் சிலிசைடு மணிகள். 200 டிகிரியைத் தாண்டினால் அவை பருத்துவிடும். உங்கள் துகள்களோ ஒன்றுக்கொன்று ஏறக்குறைய 20 மைக்ரான் தள்ளி நிற்கின்றன. அந்த இடைவெளியில் டிஸ்லொகேஷன் (படிக அடுக்கில் உள்ள பிசகு, அது நகர்ந்தால்தான் உலோகம் வளையும்) லாரி போல் போய்வரும். விறைப்பும் தேய்மானத் தாங்கலும் கிடைக்கும், அவ்வளவுதான். சூட்டிலும் தடுக்க வேண்டுமென்றால் கரையாத, பருக்காத துகள் நானோமீட்டர் கணக்கில் நெருங்கி நிற்க வேண்டும். அலுமினியத் தூளை அதன் ஆக்சைடு தோலோடு அழுத்திச் செய்யும் உலோகம் சூட்டில் நிற்பது அதனால்தான்.

இன்னொன்று, 6061இல் சிலிக்கான் 1 விழுக்காடுகூட இல்லை. அரிப்பைத் தடுக்க அது போதாது. 750 டிகிரியில் உருகிய அலுமினியம் உங்கள் சிலிக்கான் கார்பைடு தூளை அரித்து, அலுமினியம் கார்பைடு என்ற வேறு பொருளின் ஊசிகளை உண்டாக்கும். அவை எளிதில் நொறுங்கும், தண்ணீர் பட்டால் மீத்தேன் வாயுவை விட்டுச் சிதையும். நுண்ணோக்கியில் பார்க்க மாதிரியை மெருகேற்றும்போது தண்ணீர் ஊற்றினீர்களா?

பிறைவாசி:
தம்பி இல்லை, தங்கச்சி. தண்ணீர்தான் ஊற்றினேன். துகளைச் சுற்றியிருந்த குழிகளை வாயுத் துளை என்று அறிக்கையில் எழுதிக் கொடுத்தும்விட்டேன்!

பட்டர்வொர்த்_பழசு:
எண்ணெய் வைத்து மறுபடி மெருகேற்றிப் பாருங்கள், குழி இருந்த இடத்தில் ஊசி தெரியலாம். அடுத்த உருக்குக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் சிலிக்கான் உள்ள பிஸ்டன் கலவையை எடுங்கள். அவ்வளவு சிலிக்கான் இருந்தால் ஊசி அடங்கும், அதில் உள்ள செம்பும் நிக்கலும் சூட்டில் கொஞ்சம் கைகொடுக்கும்.

பிறைவாசி:
பட்டறையில் பழைய டீசல் பிஸ்டன்கள் ஒரு வாளி கிடக்கின்றன அண்ணே. அதையே உருக்கலாமா?

உலைக்கரி:
உருக்கலாம் தங்கச்சி. ஆனால் டீசல் பிஸ்டனில் மேல் வளையப் பள்ளத்தில் வார்ப்பிரும்பு வளையம் பதித்திருப்பார்கள். அதை வெட்டி எடுத்துவிட்டு உலையில் போடுங்கள். இரும்பு கரைந்தால் அதற்கென்று வேறு ஊசி வரும்.