ஒரே நூலில் மூன்று இண்டெக்ஸ்: மேக்ரோ எழுதியவர்களின் அனுபவங்கள்

நபர், ஊர், பொருள் என்று மூன்று சொல்லடைவு (இண்டெக்ஸ்) கேட்ட நூல் ஒன்றை, கட்டளைகள் எழுதிப் பக்கம் அமைக்கும் மென்பொருளான லாடெக்கில் செய்தேன். இமேக்ஐடிஎக்ஸ் என்ற துணைத் தொகுப்பை (பேக்கேஜ்) ஏற்றி, மூன்று பெயரில் மூன்று இண்டெக்ஸ் திறப்பது சுலபம். உழைப்பெல்லாம் மேக்ரோவில்தான், அதாவது பல கட்டளைகளை ஒரே பெயரில் அடக்கி நாமே எழுதும் கட்டளையில். ‘நபர்’ என்று ஒரு மேக்ரோ வைத்தேன். பெயரை வரியில் அச்சடித்து, அதே பெயரை நபர் இண்டெக்ஸுக்கும் அனுப்பிவிடும்.

கூட வேலை பார்த்தவர் சில இடங்களில் மேக்ரோவை விட்டுவிட்டு இண்டெக்ஸ் கட்டளையை நேரடியாகப் போட்டிருந்தார். சாய்வெழுத்தில் வரும் பெயர்கள் மட்டும் அடைவில் இரண்டு முறை வந்தன. அடைவுப் பதிவுகள் சேரும் ஐடிஎக்ஸ் கோப்பைத் திறந்து பார்த்ததும் புரிந்தது: மேக்ரோ வழியாகப் போகும்போது சாய்வெழுத்துக் கட்டளைக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே ஒரு இடைவெளி சேர்கிறது, நேரடியாகப் போட்டால் சேர்வதில்லை. கண்ணுக்கு ஒரே பெயர், அடைவை அடுக்கித் தரும் நிரலான மேக்இண்டெக்ஸுக்கு இரண்டு. அப்புறம் எல்லாமே மேக்ரோ வழியாகத்தான் என்று முடிவாயிற்று.

தலைப்புக்குள் பெயர் வந்தால் இன்னொரு வம்பு. மேக்ரோ உருவாக்கும் கட்டளையான நியூடாக்குமெண்ட்கமாண்ட் கொண்டு எழுதிய மேக்ரோ விரியாமல் அப்படியே பொருளடக்கத்துக்குப் போய், அந்தப் பக்க எண்ணையும் அடைவில் ஏற்றிவிடும். தலைப்புக் கட்டளையின் சதுர அடைப்புக்குள் வெறும் பெயரைக் கொடுத்தால் சரி.

•

எனக்கு அகரவரிசைதான் தலைவலி. மேக்இண்டெக்ஸ் 1980களில் எழுதிய நிரல், யூனிகோடு தெரியாது. எழுத்துகளின் கணினி எண் (பைட்) வரிசைப்படி அடுக்கும். யூனிகோடில் ‘ன’ என்பது ‘ந’வுக்கு அடுத்து, ‘ப’வுக்கு முன்னால் இருப்பதால் ‘கமலா’வுக்கு முன்னால் ‘கனகம்’ வந்து உட்கார்ந்துவிடும்.

பெயர் வரும் ஒவ்வொரு இடத்திலும் வரிசைச் சாவியை (எந்த இடத்தில் அடுக்குவது என்று சொல்லும் குறியை) கையால் கொடுக்க யாருக்குப் பொறுமை? அதனால் லாடெக் கோப்பின் தொடக்கத்தில், நூல் உரைக்கு முன் அமைப்புகள் எழுதும் பகுதியில், ஒவ்வொரு பெயரையும் ஒரே முறை அறிவிக்க ஒரு மேக்ரோ: குறும்பெயர், சாவி, அச்சாகும் வடிவம். சாவியில் மெய்யெழுத்துக்கு அதன் வரிசை எண், ம என்றால் 10, ன என்றால் 18. முன்னால் ஒரு ரோமன் எழுத்து கட்டாயம்; வெறும் இலக்கமாக இருந்தால் மேக்இண்டெக்ஸ் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளும். நூலுக்குள் குறும்பெயர் மட்டும் போதும். ஒருவர் பெயரின் முதலெழுத்தைக் கடைசி நேரத்தில் மாற்றச் சொன்னார்கள், ஒரு வரியோடு முடிந்தது.

•

இண்டெக்ஸ் எண்ணிக்கை கூடினால் ஒன்றைக் கவனியுங்கள். லாடெக்கின் அடித்தளமான டெக் ஒரே நேரத்தில் எழுதத் திறக்கும் கோப்புகள் 16தான். பொருளடக்கம், படப்பட்டியல் எல்லாம் அதில் பங்கு கேட்கும். என் ஆவணத்தில் இடமில்லை என்று நின்றே போனது. இமேக்ஐடிஎக்ஸில் ஸ்பிளிட்இண்டெக்ஸ் விருப்பத்தைப் போட்டேன். எல்லாம் ஒரே கோப்பில் எழுதி, பிறகு பிரித்துக்கொள்கிறது. மேக்ரோக்களில் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை.