காரை நானே ஆன்லைனில் விற்கிறேன். முன்பின் தெரியாதவர்களிடம் எப்படி ஜாக்கிரதையாக இருப்பது?

நீலக்குடை:

எல்லோருக்கும் வணக்கம். பெட்ரோல் கார், எட்டு வயசு, பட்டன் ஸ்டார்ட், ஒரே ஓனர். அது நான்தான். வேலை வீட்டிலிருந்தே என்று ஆன பிறகு வண்டியை எடுப்பதே இல்லை. பேட்டரி இறங்கிவிடாமல் அவ்வப்போது ஸ்டார்ட் செய்வதோடு சரி. புரோக்கர் சொன்ன விலையைக் கேட்டு வயிறு எரிந்ததால் நானே விளம்பரம் போட்டுவிட்டேன்.

போட்ட அன்றே ஒரு மெசேஜ்: "விலை ஓகே மேடம். நான் வெளியூரில் இருக்கிறேன், வண்டியைப் பார்க்கவே வேண்டாம், ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் நிஜமான ஆள்தானா என்று தெரிய உங்கள் போனுக்கு ஒரு கோடு வரும், அதை மட்டும் சொல்லுங்கள்." கோடு வந்தது. நான் சொல்லவில்லை.

இன்னொருவர் போனில் மரியாதையாகத்தான் பேசினார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு நண்பர்களோடு வீட்டுக்கு வந்து பார்த்து, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். வரச் சொல்லலாமா? ஓட்டக் கொடுக்கலாமா? பணத்தை எப்படி வாங்குவது? இதையெல்லாம் செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

பழையவண்டி:

சகோதரி, பழைய கார் வாங்கி விற்பதுதான் என் பிழைப்பு. நீங்கள் திட்டிய அந்தப் புரோக்கர் சாதிதான் நானும். பரவாயில்லை, சொல்கிறேன்.

முதல் ஆளை பிளாக் செய்துவிடுங்கள். அந்தக் கோடு உங்களைச் சோதிப்பதற்கு இல்லை. உங்கள் நம்பரை வைத்து அவன் எதிலோ உள்ளே நுழையப் பார்க்கிறான். உங்கள் மெசேஜ் கணக்கைத் தன் போனில் திறக்கலாம், இல்லை உங்கள் நம்பரைக் காட்டிப் இணையம் வழியாகப் பேசும் நம்பர் ஒன்றைப் புதிதாக வாங்கலாம். நாளைக்கு அதை வைத்து வேறு யாரையாவது ஏமாற்றினால், விசாரணையில் உங்கள் நம்பர்தான் நிற்கும். தவிர, பார்க்காமல், பேரம் பேசாமல் பழைய கார் வாங்குகிறவனை என் தொழிலில் நான் பார்த்ததே இல்லை. நிஜமாக வாங்க வருகிறவன் டயரைக் குனிந்து பார்ப்பான், கதவை நாலு தடவை திறந்து மூடுவான், இல்லாத சத்தம் ஒன்றைக் கேட்டதாகச் சொல்லி விலையைக் குறைப்பான். அப்படி எரிச்சலூட்டுகிறவன்தான் நல்ல பார்ட்டி.

இரண்டாவது ஆள் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கார் தெரிந்த நண்பனைக் கூட்டி வருவது எல்லோரும் செய்வதுதான். ஆனால் இடமும் நேரமும் நீங்கள் சொல்வதாக இருக்கட்டும். சாயங்காலம் வேண்டாம், பகல். வீடு வேண்டாம். கேமரா இருக்கிற பெட்ரோல் பங்க், கூட்டம் நடமாடும் கடைவாசல், முடிந்தால் போலீஸ் ஸ்டேஷன் பக்கம். வீட்டுக்கு வந்தால் கார் ராத்திரி எங்கே நிற்கிறது, கேட் பூட்டு எப்படி, வீட்டில் எத்தனை பேர் என்று எல்லாம் பார்த்துவிட்டுப் போவார்கள். வாங்காமல் போகிறவனுக்கு அதெல்லாம் எதற்கு? இடத்தை மாற்றியதற்கே ஒருவர் கோபித்துக்கொண்டால் போகட்டும், நஷ்டம் அவருக்கு. உங்கள் பக்கமும் ஒருவர் கூட வரட்டும்.

ஓட்டக் கொடுப்பதற்கு முன் லைசென்ஸின் அசலை வாங்கி முகத்தையும் படத்தையும் ஒத்துப் பாருங்கள். அதைப் போட்டோ எடுத்து, அவர் கண் முன்னாலேயே வீட்டில் யாருக்காவது அனுப்புங்கள். ஒழுங்கான ஆள் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். வேறு ஆள் ஓட்டும்போது உங்கள் இன்சூரன்ஸ் செல்லுமா என்பதையும் முதலிலேயே கேட்டு வையுங்கள், அது பாலிசிக்குப் பாலிசி மாறும். வண்டியில் அவர் ஒருவர், பக்கத்து சீட்டில் உங்கள் ஆள். நண்பர்கள் இருவரும் கீழேயே நிற்கட்டும். பின்சீட்டில் தெரியாத ஆளை உட்கார வைத்துக்கொண்டு யாரும் போக வேண்டாம். எந்த ரோட்டில் போவது என்பதும் உங்கள் முடிவு.

அப்புறம் சீட் மாறும் நேரம். ஓட்டிப் பார்க்க வருகிறவன் வண்டியைத் தூக்கிக்கொண்டு போக வசதியான நேரம் இந்த அரை நிமிடம்தான். நீங்கள் கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டுகிறீர்கள், ஓரம் கட்டுகிறீர்கள், "இப்போ நான் ஓட்டுறேன்" என்கிறார். என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் இறங்கி முன்பக்கமாகச் சுற்றி வருவதற்குள் அவர் உள்ளுக்குள்ளேயே டிரைவர் சீட்டுக்கு நகர்ந்துவிட்டால் கதை முடிந்தது. உங்களுடையது பட்டன் ஸ்டார்ட் என்கிறீர்கள். சாவி என் பையில்தானே இருக்கிறது என்று தைரியமாக இருக்காதீர்கள். பட்டன் வண்டிகளில் பெரும்பாலானவை, ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் சாவி வெளியே போனாலும் கத்துமே தவிர நிற்காது. அதனால் என்ஜினை அணைத்து, இருவரும் இறங்கி, உங்கள் ஆள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்ட பிறகுதான் மறுபடி ஸ்டார்ட்.

திரும்பி வந்ததும் சாவியை வாங்கி அப்படியே பைக்குள் போடாதீர்கள். ஒரு தடவை லாக் செய்து லைட் மின்னுகிறதா என்று பாருங்கள். அதே மாதிரி இன்னொரு சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, ஒரிஜினலோடு ராத்திரி வந்த கும்பல்கள் உண்டு.

கிரீஸ்கை:

பழையவண்டி அண்ணன் சொன்னதோடு இன்னொன்று. பானெட்டைத் திறந்துவிட்டு நகராதீர்கள்.

என் மச்சான் வண்டியில் நடந்தது. இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் டிக்கியில் ஸ்டெப்னி எங்கே, ஜாக்கி எங்கே என்று மச்சானைப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான். மற்றவன் என்ஜின் பக்கம். ஸ்டார்ட் செய்தால் பின்னால் ஒரே புகை. என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் இருக்கிற கூலண்ட் டேங்கைத் திறந்து, "பாருங்க சார், ஆயில் கலந்திருக்கு, ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு, பாதி விலைக்குன்னா எடுத்துக்கிறோம்" என்றான். மச்சான் முகம் வெளுத்து எனக்குப் போன் அடித்தார்.

நான் போய்ப் பார்த்தேன். கேஸ்கெட் என்பது என்ஜினுக்குள் எண்ணெயும் தண்ணீரும் கலக்காமல் அடைக்கும் தகடு. அது போய் இரண்டும் கலந்திருந்தால், ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் பால் கலந்த மாதிரி வெளுப்பாகக் கூழ் படிந்திருக்கலாம், என்ஜின் சூடேறும், கூலண்ட் குறைந்துகொண்டே வரும். இங்கே மூடியும், ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கும் சுத்தம். வெப்பமானியும் எப்போதும் நிற்கும் இடத்தில்தான் நின்றது. கூலண்ட் டேங்கின் மேலே மட்டும் புது ஆயில் பளபளவென்று மிதந்துகொண்டிருந்தது. சைலன்சர் குழாய் வாயில் விரலை விட்டால் அங்கேயும் அதே ஆயில், ஊற்றியதுதான். சூட்டில் அதுதான் புகைந்திருக்கிறது. "மெக்கானிக்கிட்ட கழட்டிப் பார்த்துட்டுப் பேசலாம்" என்றேன். அவர்களுக்கு உடனே வேறு வேலை வந்துவிட்டது. கூலண்ட் முழுவதையும் இறக்கி, டேங்கைக் கழுவி, புதிதாக நிரப்பியதோடு சரியாகிவிட்டது. அந்த என்ஜின் இன்றைக்கும் ஓடுகிறது.

ஆகவே, வாங்குகிறவர் வருவதற்கு முன் கூலண்ட் டேங்க், டிப்ஸ்டிக், கிலோமீட்டர் மூன்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் வந்தால் நீங்களும் இரண்டு பேர். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனர் மாட்டுகிற சாக்கெட்டிலும் ஒரு கண் இருக்கட்டும். அதில் கருவியை மாட்டிப் புதுச் சாவியைப் பதிந்துகொள்ள முடிகிற மாடல்கள் இருக்கின்றன. ஸ்கேன் செய்ய வேண்டும் என்றால் தாராளமாகச் செய்யட்டும், உங்களுக்குத் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில்.

கவுன்ட்டர்ஏழு:

வங்கியில் வேலை. காரைப் பற்றி எனக்குப் பெட்ரோல் போடத்தான் தெரியும், பணத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

ஸ்கிரீன்ஷாட்டுக்கு மதிப்பு பூஜ்யம். பணம் வந்ததாகக் காட்டும் எஸ்எம்எஸ்ஸுக்கும் அதே மதிப்புதான், வங்கியின் பெயரிலேயே போலியாக அனுப்ப முடியும். உங்கள் ஆப்பை நீங்களே திறந்து இருப்பைப் பாருங்கள். அதில் ஏறவில்லை என்றால் வரவில்லை. "சர்வர் ஸ்லோ, அரை மணி நேரத்தில் வந்துடும், நான் கிளம்பட்டுமா" என்றால், டீ சாப்பிடுங்கள், வந்ததும் கிளம்பலாம் என்று சொல்லுங்கள்.

பணம் வாங்குவதற்கு நீங்கள் ரகசிய எண் போடத் தேவையில்லை. அதைக் கேட்டால் போவது உங்கள் பணம். "ஒரு கியூஆர் அனுப்புறேன், ஸ்கேன் பண்ணுங்க, அட்வான்ஸ் வரும்" என்பதும் இதே வகைதான்.

காசோலை என்றால் இன்னும் கவனம். கணக்கில் வரவு காட்டினாலும் அது தற்காலிகமாக இருக்கலாம். போலி என்று தெரியச் சில நாள், சில நேரம் வாரக்கணக்கில்கூட ஆகும். தெரிந்ததும் வங்கி அதை உங்கள் கணக்கிலிருந்து திரும்ப எடுத்துவிடும். வங்கியே எழுதிக் கொடுக்கும் டிராஃப்டிலும் போலி வருகிறது. "தெரியாம ஜாஸ்தி போட்டுட்டேன், மீதியை டிரான்ஸ்போர்ட்காரருக்கு அனுப்பிடுங்க" என்று ஒருவர் சொன்னால், பின்னால் அவர் பணம் திரும்பிப் போய்விடும், நீங்கள் அனுப்பியது போனது போனதுதான். அதிகம் வந்திருந்தால் வங்கியிடம் சொல்லுங்கள், நீங்களாக எதையும் அனுப்பாதீர்கள்.

எனக்குப் பிடித்த வழி, வேலை நாளில் இருவரும் சேர்ந்து அவருடைய வங்கிக் கிளைக்குப் போவது. அங்கேயே மாற்றச் சொல்லி, உங்கள் கணக்கில் ஏறியதைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள். ரொக்கம் என்றால் உங்கள் வங்கிக் கவுன்ட்டரிலேயே கட்டச் சொல்லுங்கள். எண்ணுவதும் கள்ள நோட்டுப் பார்ப்பதும் எங்கள் மெஷின் வேலை. வாங்குகிறவர் பெயரும் பணம் வரும் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். சம்பந்தமில்லாத கணக்கிலிருந்து வந்தால், அது இன்னொருவரிடம் திருடிய பணமாக இருந்து, உங்கள் கணக்கை முடக்கி விசாரிக்கிற நிலை வரலாம்.

நீலக்குடை:

அண்ணன்களுக்கு நன்றி. கிரீஸ்கை சொன்னதைப் படித்துவிட்டு இப்போதே போய்க் கூலண்ட் டேங்கைப் படம் எடுத்தேன். ஞாயிறு பகல் பதினொரு மணிக்கு, பங்க்கில் சந்திக்கலாம் என்று அவரிடம் சொன்னேன், உடனே சரி என்றார். என் பெரியப்பா மகனும் வருகிறான்.

இன்னும் இரண்டு சந்தேகம். பதிவுச் சான்றிதழ், என் அடையாள அட்டை இரண்டையும் முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார், அனுப்பலாமா? வேறொருவர், அவர் சொல்கிற ஏதோ ஒரு தளத்தில் நானே காசு கட்டி வண்டியின் வரலாற்று ரிப்போர்ட் எடுத்துத் தர வேண்டும் என்கிறார்.

பழையவண்டி:

ரிப்போர்ட் கேட்டவரை விடுங்கள். உங்கள் கார்டு விவரத்துக்காகவே இப்படித் தளம் நடத்துகிறார்கள். வேண்டுமென்றால் அவரே எடுக்கட்டும்.

ஆவணங்களை நேரில் காட்டுங்கள், அனுப்பாதீர்கள். சான்றிதழும் உங்கள் அடையாள அட்டையும் சேர்ந்து கிடைத்தால், உங்கள் வண்டியையே வேறு இடத்தில் விளம்பரம் போட்டு யாரிடமாவது அட்வான்ஸ் வாங்க அவனுக்கு அது போதும். அனுப்பியே ஆக வேண்டும் என்றால், இந்த வண்டி விற்பனைக்கு மட்டும் என்று தேதியோடு குறுக்கே எழுதி அனுப்புங்கள். விளம்பரப் படத்தில் நம்பர் பிளேட்டை மறைத்துவிடுங்கள். அதே நிறம், அதே மாடல் காரில் உங்கள் நம்பரை மாட்டிக்கொண்டு சுற்றினால் அபராதம் உங்களுக்கு வரும்.

கிரீஸ்கை:

பிளேட்டை மறைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை அண்ணா. ரோட்டில் ஓடினால் ஊரே பார்க்கிற நம்பர் அது. நேர்மையாக வாங்குகிறவர் அந்த நம்பரை வைத்துத்தான் கடன், வழக்கு எல்லாம் பார்ப்பார். வண்டியின் உடம்பில் பொறித்திருக்கும் சேசிஸ் நம்பரை மறைப்பது அதைவிட முக்கியம்.

பழையவண்டி:

பேசி முடிவானவருக்கு நம்பரைக் கொடுத்தால் போகிறது. ஊருக்கே எதற்கு?

சகோதரி கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அதுதான் பெரிய விஷயம். வண்டி போன பிறகும் பெயர் உங்களுடையதாகவே இருந்தால், அவன் போடுகிற சிக்னல் மீறல், பார்க்கிங் அபராதம், ஒரு விபத்து என்றால் அந்த விசாரணை, எல்லாமே உங்கள் வாசலில்தான் வந்து நிற்கும். "நானே பெயர் மாத்திக்கிறேன்" என்ற பேச்சை நம்பி வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். விற்றுவிட்டதாகப் பதிவு அலுவலகத்துக்கு நீங்களே தெரிவித்து, அதற்கான ரசீதைக் கையில் வாங்குங்கள். விற்பனைச் சீட்டு இரண்டு பிரதி எழுதுங்கள். இருவர் பெயர், முகவரி, பதிவு எண், பதினேழு எழுத்துள்ள சேசிஸ் நம்பர், கிலோமீட்டர், தொகை, தேதி எல்லாம் அதில் இருக்கட்டும். நேரத்தையும் மறக்காமல் போடுங்கள். பகல் இரண்டு மணிக்கு விற்று மூன்று மணிக்கு அவன் எங்காவது இடித்திருந்தால் அந்த ஒரு வரிதான் உங்களைக் காப்பாற்றும். இன்சூரன்ஸை வண்டி கைமாறி, பெயரும் மாறிய பிறகு நிறுத்துங்கள், அதற்கு முன் வேண்டாம். டோல் ஸ்டிக்கர் உங்கள் கணக்கோடு இணைந்திருந்தால் பிய்த்தெடுத்துவிட்டு, கணக்கையும் மூடுங்கள்.

நீலக்குடை:

டோல் ஸ்டிக்கர் நினைவிலேயே இல்லை! வண்டி ஸ்கிரீனில் என் போன் தொடர்புகள், வீட்டு முகவரி எல்லாம் இருக்கிறதே, அதை எப்படி அழிப்பது?

கிரீஸ்கை:

பெரும்பாலும் செட்டிங்ஸில் ஃபேக்டரி ரீசெட் இருக்கும், எந்த இடத்தில் என்பது மாடலுக்கு மாடல் மாறும், அதைக் கொடுத்தால் தொடர்புகள், வீட்டு முகவரி எல்லாம் போய்விடும். வண்டியை போனில் இருந்து திறக்கும் ஆப் வைத்திருந்தால், ஸ்கிரீனை மட்டும் அழித்தால் போதாது, ஆப்பிலும் வண்டியை நீக்குங்கள். கேட் ரிமோட், வெயில் மறைக்க மடக்கும் சன்வைஸரில் மாட்டியிருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் அதைத்தான் விட்டுவிட்டு வருகிறார்கள்.