தேத்தண்ணியில் தோய்த்த ரொட்டி

வாட்ஸ்அப் குழு: நம்ம வீட்டு ஆட்கள்

தங்கை, மாலை 6.20
இன்று கிளினிக் போய் வந்தோம். குட்டிக்கு 10 மாதம், நிறை 7.9 கிலோ. போன மாதமும் இதேதான். கார்டில் நிறைக் கோடு ஏறாமல் படுத்துக் கிடக்கிறது. மிட்வைஃப் மிஸ் ஏசவில்லை. என்னென்ன கொடுக்கிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

தங்கை, மாலை 6.22
அடுத்த மாதம் நான் தேயிலை மலைக்கு வேலைக்குப் போக வேண்டும். இவன் பிள்ளைக் காம்பராவுக்கு, தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்துக்குப் போவான். அதற்குள் ஒழுங்காகச் சாப்பிடப் பழக்கிவிட வேண்டும்.

தம்பி, மாலை 6.31
அழாதே அக்கா. கொழும்பில் குழந்தைச் சாப்பாட்டு டின் எத்தனையோ வகை இருக்கிறது. சம்பளம் வந்ததும் வாங்கி அனுப்புகிறேன்.

நான், மாலை 6.35
டின் வேண்டாம் தம்பி, அந்தக் காசை அனுப்பு, முட்டையும் மீனும் வாங்கட்டும். தங்கச்சி, காலையிலிருந்து இரவு வரை என்ன சாப்பிடுகிறான் என்று அப்படியே எழுது.

தங்கை, மாலை 6.44
காலையில் அம்மா தேத்தண்ணியில் ரொட்டி தோய்த்துக் கொடுப்பார். பகலுக்குச் சோறு, பருப்பு, கேரட் எல்லாம் சேர்த்து மிக்சியில் தண்ணியாக அடித்துக் கொடுக்கிறேன். பின்னேரம் பிஸ்கட், தேத்தண்ணி. இரவு கஞ்சி. நடுவில் தாய்ப்பால். இப்போது அடித்த சோற்றை வாயில் வைத்தால் துப்புகிறான். கையைத் தட்டிவிடுகிறான்.

அண்ணி, இரவு 7.15
இப்போதுதான் வேலை முடிந்து வந்தேன். துப்புவது பசி இல்லாததால் அல்ல. 10 மாதப் பிள்ளைக்குக் கஞ்சி போல் அடித்தது சலித்துவிடும். அவனுக்கு மெல்ல ஆசை. மிக்சியை எடுத்து வை. முள்ளுக்கரண்டியால் மசித்துக் கொடு, சின்னச் சின்னக் கட்டி இருக்கட்டும். கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடக் கூடாது, அதுதான் பதம். தண்ணியாக இருந்தால் வயிறு நிறையும், நிறை ஏறாது.

அளவு: 250 மில்லிலீற்றர் கோப்பையில் பாதி, ஒரு நாளைக்கு மூன்று, நான்கு வேளை. இடையில் ஒன்றிரண்டு தடவை பழமோ கிழங்கோ. ஒரு வயது முடிந்தால் முக்கால் கோப்பை முதல் முழுக் கோப்பை வரை. தாய்ப்பாலை இரண்டு வயதுவரை, அதற்குப் பிறகும்கூடக் கொடுக்கலாம். அதை மட்டும் நிறுத்தாதே.

தங்கை, இரவு 7.18
கட்டியாகக் கொடுத்தால் ஓங்கரிக்கிறான் அண்ணி. தொண்டையில் சிக்கிவிடுமோ என்று பயம்.

அண்ணி, இரவு 7.24
இருமுகிறான், சத்தம் வருகிறது, முகம் சிவக்கிறது என்றால் அவனே வெளியே கொண்டுவருவான். பக்கத்தில் இரு, வாய்க்குள் விரல் விடாதே. சத்தமே வராமல், இருமவும் முடியாமல், உதடு நீலமானால்தான் ஆபத்து. அப்போது தலை தாழ இருக்கும்படி உன் தொடையில் குப்புறப் போட்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடியால் ஐந்து தடவை தட்ட வேண்டும். ஒருவர் 1990 ஆம்புலன்சுக்கு அழைக்க வேண்டும். மிச்சத்தை நேரில் வந்து செய்து காட்டுகிறேன், எழுதினால் விளங்காது. உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும். முழுக் கடலை, முழுத் திராட்சை, பச்சைக் கேரட் துண்டு மூன்றும் கூடவே கூடாது.

நான், இரவு 7.30
கடலை என்றதும் நினைவு வந்தது. இங்கே நுவரெலியாவில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். அதனால் சாதாரணச் சட்டியில் கொண்டைக்கடலை வேக நெடுநேரம் எடுக்கும், அவசரமாக இறக்கினால் உள்ளே கட்டியாகவே கிடக்கும். என் மகளுக்குக் கொடுக்கப் போய் ஒரு நாள் பட்டுவிட்டேன், தோல் அண்ணத்தில் ஒட்டி மூச்சுத் திணறினாள். அன்றிலிருந்து இரவே ஊறவைத்துப் பிரஷர் குக்கரில்தான். விரலால் நசுக்கிப் பார்ப்பேன், மாவாக உடைந்தால்தான் அவளுக்கு. தோலையும் உரித்துவிடுவேன். உங்கள் தோட்டமும் உயரம்தான், பருப்பைக் கொஞ்சம் கூடுதலாக வேகவிடு.

அண்ணி, இரவு 7.41
இன்னொன்று. அத்தை கோபிக்கக் கூடாது. தேத்தண்ணியை நிறுத்த வேண்டும். ஆறு மாதத்துக்குப் பிறகு பிள்ளை உடம்பில் பிறக்கும்போது இருந்த இரும்புச்சத்துக் கையிருப்பு தீர்ந்துவிடும், தாய்ப்பாலில் வருவது போதாது. சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். தேயிலைச் சாயம் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பைப் பிடித்துவைத்து உடம்பில் சேர விடாது. அதோடு சீனி வேறு. வயிறு நிறைந்து சோறு இறங்காது.

அம்மா, இரவு 7.58
நான் நாலு பிள்ளைகளை அதில்தான் வளர்த்தேன். விடிய முன்னே எழும்பி ரொட்டி சுட்டு, உங்களுக்குத் தோய்த்து ஊட்டிவிட்டுத்தான் கூடையைத் தூக்கினேன். நீங்கள் யாரும் குறைந்து போகவில்லை.

நான், இரவு 8.01
அம்மா, உங்கள் கையால் சாப்பிட்டுத்தான் நாங்கள் ஆளானோம். அதை யாரும் குறை சொல்லவில்லை.

பெரியம்மா, இரவு 8.20
தங்கச்சி, உன் அக்கா நான் சொல்கிறேன் கேள். 22 வருடம் காம்பராவில் பிள்ளை பார்த்தவள் நான். நீ செய்தது தப்பில்லை, அன்றைக்கு வேறு என்ன இருந்தது? ரேஷன் மாவும் தேத்தூளும்தான். ஆனால் உள்ளங்கை வெளுத்து, நடக்க மனமில்லாமல், மூலையில் குந்தியிருக்கும் பிள்ளைகளை எத்தனை பேரைத் தூக்கியிருக்கிறேன். தேத்தண்ணிப் போத்தலோடுதான் கொண்டுவந்து விடுவார்கள். எனக்கும் அப்போது தெரியாது, நானும் ஊட்டினேன். இன்றைக்கு நினைத்தாலும் மனம் கேட்காது.

ரொட்டியை விடச் சொல்லவில்லை. தோய்ப்பதை மாற்று. கெட்டிப் பருப்பில் தோய். தேங்காய்ப்பூ கூடப் போட்டு, உப்பு இல்லாமல், மெல்லியதாகத் தட்டிச் சுட்டால் பருப்பில் ஊறிப் பஞ்சு போல் ஆகும்.

தங்கை, இரவு 8.27
உப்பே போடக் கூடாதா பெரியம்மா? சப்பென்று இருக்குமே.

பெரியம்மா, இரவு 8.33
நமக்குத்தான் சப்பு. அவன் நாக்குக்கு உப்பு என்னவென்றே தெரியாது. ஒரு வயதுவரை உப்பு, சீனி இல்லாமல் பழக்கு. தேனும் வேண்டாம், யார் நாக்கில் தடவ வந்தாலும் விடாதே. தனி அடுப்பு மூட்டவும் வேண்டாம். வீட்டுக் கறி அடுப்பில் இருக்கும்போது, மிளகாயும் உப்பும் போடுவதற்கு முன்னால் அவன் பங்கை ஒரு சின்னச் சட்டியில் எடுத்துவிடு. போஞ்சியோ, பூசணியோ, பீட்ரூட்டோ, உருளைக்கிழங்கோ, அன்றைக்கு வீட்டில் எதுவோ அதுவே. மஞ்சள், சீரகம், கறிவேப்பிலை, வெங்காயம் தாராளமாகப் போடலாம், வாசம் பழகும். கடைசியில் ஒரு கரண்டி கெட்டித் தேங்காய்ப்பால். நிறை ஏற வேண்டிய பிள்ளைக்கு அது முக்கியம்.

அண்ணி, இரவு 8.40
பெரியம்மா சொன்னதை அப்படியே செய். அதோடு தினமும் முட்டையோ, மீனோ, இறைச்சியோ ஏதாவது ஒன்று. முட்டை நன்றாக வெந்திருக்க வேண்டும், மஞ்சள், வெள்ளை இரண்டும் கொடுக்கலாம். கோழி ஈரல் வாரம் ஒரு தடவை, விலையும் குறைவு. நெத்தலியைத் தலை கிள்ளி, சுடுதண்ணியில் இரண்டு தடவை ஊறவைத்து உப்பை இறக்கிவிட்டு, அவித்து மசி. கீரை கொடுக்கும் நாளில் பக்கத்தில் தக்காளி, கொய்யா, பப்பாசி என்று ஏதாவது இருக்கட்டும், கீரையின் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள அது உதவும். கிளினிக்கில் திரிபோஷா சத்துமா கொடுத்தால் அது அவனுக்கு மட்டும், வீடு முழுக்கப் பங்கு போடக் கூடாது.

தம்பி, இரவு 8.44
சரி, டின் இல்லை. முட்டைக்குக் காசு இன்றே போடுகிறேன்.

தங்கை, இரவு 8.52
காம்பராவுக்குக் கட்டிக் கொடுத்தால் பகல்வரை தாங்குமா?

பெரியம்மா, இரவு 8.58
காலையில் சமைத்ததைச் சூடாகவே பிளாஸ்கில் போட்டுக் கொடு. ஆறியது இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், நம் குளிரை நம்பாதே. மீதத்தை மறுபடி ஊட்டவும் கூடாது. ஒரு வயதுவரை பாலூட்ட வேலைக்கு நடுவில் இரண்டு இடைவேளை சட்டப்படி உனக்கு உண்டு. வெட்கப்படாமல் கேட்டு வாங்கு.

அம்மா, காலை 7.05
அரை ரொட்டி போய்விட்டது. பருப்பில் தோய்த்துக் கொடுத்தேன், முதல் வாய் மூஞ்சியைச் சுளித்தான், பிறகு என் கையைப் பிடித்து இழுத்து இழுத்து வாங்கினான். தேத்தண்ணிக் கோப்பையை அவன் கண்ணில் படாமல் அடுப்படிக்குள் வைத்துக் குடித்தேன்.

தங்கை, காலை 7.11
முகம் முழுக்கப் பருப்பு. படம் போடுகிறேன், பாருங்கள்.

நான், காலை 7.12
அம்மா, நாளைக்கு அந்த ரொட்டியில் கொஞ்சம் முருங்கைக் கீரையைப் பொடியாக அரிந்து பிசைந்து பாருங்கள்.

அம்மா, காலை 7.16
கீரை பக்கத்து லயத்து வீடுகளில் இருக்கிறது, கேட்டு வாங்குகிறேன். ஈரலுக்குத்தான் யாராவது டவுனுக்குப் போக வேண்டும்.

தங்கை, காலை 7.20
அவர் இன்று தலவாக்கலைக்குப் போகிறார், சொல்லிவிட்டேன். கால் கிலோ போதுமா அண்ணி?

அண்ணி, காலை 7.34
அவனுக்கு ஒரு சின்னத் துண்டு போதும். மிச்சத்தை நீ சாப்பிடு, நீயும் பால் கொடுக்கிறவள்.