சுய பராமரிப்பு வசதியானவர்களின் சொகுசா?

கோண்டாவில் வாசகி:
காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களிடம் வாக்குமூலம் பதியும் வேலை எனக்கு. பதிந்துவிட்டு வீடு வந்தால் சோறு இறங்குவதில்லை, நித்திரையும் இல்லை. போன சனிக்கிழமை கூட்டத்துக்குப் போகாமல், எண்ணெய் வைத்து முழுகிவிட்டுப் படுத்துவிட்டேன். "அந்தத் தாய்மார் வெயிலில் இருக்கிறார்கள், உனக்கு ஓய்வு கேட்கிறதோ?" என்றார் கூட வேலை செய்யும் அக்கா. சுய பராமரிப்பு என்பது கடைக்காரர் கிளப்பிவிட்ட கதைதானா?

சுன்னாகம், ஓய்வுபெற்ற தாதி:
இல்லை, தங்கச்சி. கடைக்காரர் பின்னால் வந்தவர்கள். 1969 ஜனவரியில் கலிபோர்னியாவின் ஓக்லண்டில், ஒரு தேவாலயத்தில் வைத்து, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைகள் கட்சியினர் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு கொடுக்கத் தொடங்கினார்கள். பிறகு இலவச மருத்துவ நிலையங்கள் நடத்தினார்கள். கறுப்பின மக்களை அதிகம் தாக்கும் பரம்பரை இரத்த நோயான அரிவாள்செல் இரத்தச்சோகையை அரசு கண்டுகொள்ளாதபோது, அதற்கான பரிசோதனையைத் தாங்களே செய்தார்கள். அந்தக் கட்சியின் எரிக்கா ஹக்கின்ஸ் சிறைக்குள் யோகமும் தியானமும் பழகித் தன்னைத் தாங்கிக்கொண்டவர். அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஓட்ரி லோர்ட், புற்றுநோய் ஈரலுக்குப் பரவிய நிலையில், தன்னைப் பேணுவது சொகுசல்ல, தற்காப்பு, அது ஓர் அரசியல் போர் என்று 1988இல் எழுதினார்.

அவ்வளவு தூரம் போவானேன்? போர்க்காலத்தில் இங்கே உளமருத்துவர் தயா சோமசுந்தரம் மூச்சுப் பயிற்சியும், மல்லாந்து படுத்து உடலைத் தளர்த்தும் சாந்தியாசனமும் மருத்துவமாகவே பரிந்துரைத்தார். சைவருக்கு மந்திரம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்கு இறைவனைத் திரும்பத் திரும்ப நினைந்து சொல்லும் திக்ர் என்று அவரவர் வழியிலேயே மனதை ஆற்றும் முறை அது. அதற்கு யாருக்கும் ஒரு சதம் செலவில்லை.

ஆகவே முழுகியதற்காகக் குறுகாதீர்கள். அந்த அக்காவோடும் கோபிக்க வேண்டாம். அவர் கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தார் என்று கேளுங்கள்.

பருத்தித்துறை அண்ணன்:
தாதியம்மா சொன்னவற்றில் காலைச் சாப்பாடும் மருத்துவ நிலையமும் பலர் சேர்ந்து செய்தவை என்பதைக் கவனியுங்கள். ஓய்வை உங்கள் நிறுவனத்திடம் உரிமையாகக் கேளுங்கள். வாக்குமூலம் பதிந்த நாளுக்கு மறுநாள் கள வேலை கூடாது என்று எல்லோருமாகக் கையெழுத்து வைத்துக் கொடுங்கள்.

கோண்டாவில் வாசகி:
திங்கட்கிழமை கேட்கிறோம். அக்காவுக்குச் சீனி வியாதி. லீவு எடுக்க மனமில்லாமல் கிளினிக்கைத் தவறவிடுகிறார் என்பது இன்றுதான் தெரிந்தது.

சுன்னாகம், ஓய்வுபெற்ற தாதி:
அடுத்த கிளினிக் நாளில் நீங்களும் கூடப் போங்கள். பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கும்வரை அக்கா வெறும் வயிற்றில் இருக்க வேண்டும். திரும்பும்போது சாப்பிட ஏதாவது கட்டிக்கொண்டு போங்கள்.