புட்டிக்கப்பலும் மடிமரமும்: ஒரு கலைச்சொல் விவாதம்

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கண்ணாடிப் புட்டிக்குள் பாய்மரக் கப்பலின் சிற்றுருவை அமைக்கும் கைவேலைக்குத் தமிழில் என்ன பெயர் இடலாம் என்ற கேள்விக்கு வந்த பரிந்துரைகள் அனைத்தையும் ஒருசேரப் படித்தேன். குப்பிக்கப்பல், போத்தல் கப்பல், சீசாக்கப்பல், புட்டிக்கப்பல், குடுவை நாவாய், கலத்துட்கலம், மடிகப்பல் என ஏழு சொற்கள் வந்துள்ளன. இவற்றுள் புட்டிக்கப்பலே தக்கது என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை முதலில் சொல்லிவிட்டு, இதுவரை எவரும் தொடாத ஒன்றுக்கு வருகிறேன். பொருளுக்கு மட்டும் பெயர் வைத்துவிட்டு, அதன் உறுப்புகளுக்கும் செயல்களுக்கும் பெயர் இல்லாமல் விட்டால், செய்பவர் தம் செய்முறையைத் தமிழில் ஒரு பத்தி கூட எழுத இயலாது.

கலத்துட்கலம் என்ற சொல்லைக் கண்டதும் சற்று நேரம் அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கலம் என்பது பாத்திரத்தையும் குறிக்கும், கடலோடும் மரக்கலத்தையும் குறிக்கும் என்பதால், ஒரே சொல் இருமுறை வந்த அளவில் முழுப்பொருளும் கிடைத்துவிடுகிறது. ளகரம் டகரமாகத் திரிந்து நிற்கும் இடம், இடுக்கான கழுத்து வழியே எதையோ நெருக்கி நுழைத்தது போலவே ஒலிக்கிறது. ஆயினும், விளக்கம் சொன்ன பிறகே சுவைக்கிற சொல்லைக் கலைச்சொல்லாகக் கொள்வது கடினம். காதால் மட்டும் கேட்பவர், எந்தக் கலத்துக்குள் எந்தக் கலம் என்று திருப்பிக் கேட்பார். நெல்லளக்கும் கலமும் இடையே வந்து நிற்கும். ஒரு கண்காட்சிக்குத் தலைப்பாக அது அழகாக இருக்கும். செய்முறைக் குறிப்பில் அதை எழுத எனக்குத் துணிவில்லை.

புட்டி, குப்பி, போத்தல், சீசா, குடுவை ஆகியவற்றுள் எதைத் தேர்வது என்பதைப் புழக்கமே முடிவுசெய்ய வேண்டும். குப்பி என்றதும் மருந்தோ அத்தரோ வைக்கும் சிறு கலன்தான் மனத்தில் எழுகிறது. ஈழத்து வாசகர் பலருக்கு அச்சொல் போர்க்காலத்தின் கனத்த நினைவு ஒன்றையும் எழுப்பும். போத்தல் அவர்களுடைய அன்றாடச் சொல் என்றாலும், மற்றவர்களுள் பலர் அதை எழுத்தில் மட்டுமே அறிந்தவர்கள். சீசாவின் மூலமான பாரசீகச் சொல்லுக்குக் கண்ணாடி என்பது பொருள். இன்றைய பேச்சில் அது தேய்ந்துவருகிறது. குடுவையோ ஆய்வகத்தில் குடியேறிவிட்டது. புட்டி மட்டும் புட்டிப்பாலிலும் இருக்கிறது, மதுப்புட்டியிலும் இருக்கிறது. குழந்தைக்கும் மாலுமிக்கும் பொதுவான சொல் வேறு எது?

அளவு குறித்த ஐயத்தையும் இச்சொல் தாங்கும். யிங்கா ஷோனிபாரே என்னும் கலைஞர் 2010ஆம் ஆண்டு லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நிறுவிய படைப்பில், பிரித்தானியக் கடற்படைத் தளபதி நெல்சனின் விக்டரி என்னும் போர்க்கப்பல் முப்பதில் ஒரு பங்கு அளவில் 37 பாய்களுடன் நின்றது. அதை உள்ளடக்கிய புட்டியின் நீளம் 4.7 மீட்டர், விட்டம் 2.8 மீட்டர். அதைக் குப்பிக்கப்பல் என்று எழுதினால் நகைப்புக்கு இடமாகும். புட்டிக்கப்பல் என்றால், பெரிய புட்டி போலும் என்று எண்ணிக்கொண்டு வாசகர் மேலே படிப்பார்.

புட்டிக்கப்பல் என்பது புட்டியால் ஆன கப்பல் என்றோ, புட்டிகளை ஏற்றிச்செல்லும் கப்பல் என்றோ பொருள்படாதா என ஓர் அன்பர் கேட்டிருந்தார். படும், தொகைச்சொல்லின் இயல்பு அது. ஆனால் தொட்டிச்செடியைத் தொட்டியால் ஆன செடி என்றோ, கூண்டுக்கிளியைக் கூண்டு சுமக்கும் கிளி என்றோ எவரும் கொள்வதில்லை. ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று இலக்கணம் இதற்கு இடம் தந்திருக்கிறது. சிற்றுரு, மாதிரி போன்ற சொல் ஒன்றை இறுதியில் ஒட்ட வேண்டும் என்ற கருத்தையும் நான் ஏற்கவில்லை. மரக்குதிரை என்றாலே அது மெய்க்குதிரை அன்று என்பது விளங்குகிறது. போதாக்குறைக்கு, புட்டிக்கப்பல் மாதிரி என்று எழுதினால், புட்டிக்கப்பலைப் போன்ற வேறு ஏதோ ஒன்று என்றுதான் படிப்பவர் எண்ணுவார்.

ஜெர்மானியர் இதைப் புட்டெல்ஷிஃப் என்கின்றனர். அவர்களுடைய பொதுமொழியில் புட்டிக்குரிய சொல் ஃப்ளாஷே. புட்டெல் என்பது வடபுலக் கரையோர மக்களின் பேச்சுமொழியான கீழ்ஜெர்மனைச் சேர்ந்தது. மாலுமிகள் வளர்த்த கைவேலைக்கு அவர்கள் வாயில் வழங்கிய சொல்லே பெயராக நிலைத்துவிட்டது. (புட்டிக்கும் புட்டெலுக்கும் உள்ள ஒலியொப்புமையைக் கொண்டு எவரும் தனி இழை ஒன்றைத் தொடங்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.) கப்பல் அல்லாத காட்சிகளை உள்ளடக்கிய புட்டிகளுக்கு அவர்களிடம் வேறு பெயர் உண்டு. மத்திய ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டிலேயே சுரங்கக் காட்சிகளையும் சமயக் காட்சிகளையும் புட்டிக்குள் அமைத்தனர். அவற்றைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லுக்குப் பொறுமைப்புட்டி என்று பொருள். அச்சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது என்றாலும், நம் கேள்வி கப்பலைப் பற்றியது.

இனி உறுப்புகள். வழக்கமான முறையில், கப்பலின் உடலைக் கழுத்தில் நுழையும் அளவுக்குச் செதுக்கி, பாய்மரங்களின் அடியில் மடங்கும் மூட்டு வைத்து, எல்லாவற்றையும் வெளியிலேயே கட்டி முடிக்கின்றனர். பின்னர் மரங்களைப் பின்னோக்கிப் படுக்கவைத்து உள்ளே செலுத்தி, வாய் வழியே வெளிவரும் நூல்களை இழுத்து மீண்டும் நிமிர்த்துகின்றனர். திராட்சை மதுப்புட்டியின் வாய் ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் அகலம்தான் என்பதை நினைத்தால், இம்முறையில் எல்லாமே மடிப்பைச் சார்ந்திருப்பது விளங்கும். இங்கே நமக்கு வேண்டிய சொற்கள் பல முன்பே இருக்கின்றன. கப்பலின் முன்புறம் அணியம், பின்புறம் அமரம். இவ்விரண்டும் இன்றும் கடற்கரைப் பேச்சில் உயிரோடு இருப்பவை. பாயைத் தாங்கும் குறுக்குமரம் பருமல். கப்பல் உடலின் அடியில் நீளவாக்கில் ஓடும் அடிமரம் ஏரா.

மடங்கும் பாய்மரத்துக்கு மட்டும் புதுச்சொல் வேண்டும். பாய்மரத்தின் பழம்பெயர் கூம்பு. புறநானூற்றின் 30ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், 'கூம்பொடு மீப்பாய் களையாது' ஆற்றுமுகத்துள் புகுந்த பெருங்கலத்தைப் பாடுகிறார். பாய்மரத்தையும் மேற்பாயையும் இறக்காமலே உள்ளே வந்துவிட்டது அக்கலம். நம் கப்பலோ கூம்பையும் பாயையும் மடக்கினாலன்றி வாய்க்குள் புக முடியாத சிறுகலம். மேலும், தாமரை கூம்பியது என்று சொல்லும்போது குவிதல், ஒடுங்குதல் என்ற வினைப்பொருளும் அதே ஒலியில் இருக்கிறது. எனவே மடங்கும் பாய்மரத்தை மடிகூம்பு என்று அழைக்கலாம் என்று முன்மொழிகிறேன். இது வினைத்தொகை, மடிந்த கூம்பு, மடிகின்ற கூம்பு, மடியும் கூம்பு என முக்காலமும் இதில் அடங்கும். நூலைப் பசையால் ஒட்டிய பிறகு எதிர்காலத்துக்கு இலக்கணம் இடம் தந்தாலும் பசை இடம் தராது என்பது வேறு. வல்லெழுத்து மிகாமல் எழுத வேண்டும் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். மடிக்கணினி போல மடிக்கூம்பு என்று எழுதினால், பாய்மரம் நம் மடியில் வந்து அமர்ந்துவிடும்.

அன்புடன்.

*

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு வணக்கம்.

புட்டிக்கப்பல் என்ற முடிவில் எனக்கு முழு உடன்பாடு. மடிகூம்பில்தான் தடை இருக்கிறது. நான் இவற்றைச் செய்பவள். பிறருக்குச் சொல்லியும் தருகிறேன். பள்ளிக் கணக்கில் கூம்பின் கன அளவைக் கண்டு, வேதியியல் வகுப்பில் கூம்புக் குடுவையைக் கையில் பிடித்து வளர்ந்த ஒருவரிடம் மடிகூம்பு என்றால், காகிதத்தை மடித்துச் செய்யும் கூம்பு என்றே அவர் எடுத்துக்கொள்வார். எல்லார் வாயிலும் பாய்மரம் என்ற சொல் இருக்கிறது. அதன் பின்பாதியை வைத்து மடிமரம் என்றால் போதாதா? கூம்புதல் என்ற வினையைத் தாங்கள் நினைவூட்டியது மிக நன்று. மரமும் பருமலும் பாயும் ஒருங்கே ஒடுங்கிக் கழுத்தில் நுழையக் காத்திருக்கும் அந்த நிலைக்கு இதுவரை என்னிடம் பெயரே இல்லை. அதைக் கூம்புநிலை என்று சொல்லலாம். அங்கே கணக்குப் பாடம் குறுக்கிடாது.

மடிமரத்தின் அடியில் உள்ள மூட்டைக் கீல் என்று எழுத வேண்டாம் என்பது என் வேண்டுகோள். கதவுக்குக் கீல் சரியான சொல்தான். ஆனால் கப்பலைப் பற்றிய பேச்சில், மரக்கலத்துக்குப் பூசும் தாரையும் கீல் என்பர். ஏரா என்ற சொல்லை அறியாதவர் அடிமரத்தின் ஆங்கிலப் பெயரை அப்படியே கீல் என்று எழுதுவர். ஒரே பத்தியில் மூன்று கீல்கள் வந்தால், கற்பவர் எதை மடக்குவார்? உண்மையில் அது மரத்தின் அடியில் குறுக்கே செலுத்திய மெல்லிய கம்பிதான். நான் அடிமூட்டு என்கிறேன். முழங்கால் மூட்டை அறிந்தவர்க்கு வேறு விளக்கம் வேண்டியிருப்பதில்லை.

நூல்கள் என்று பொதுவாகச் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். தடுமாற்றம் நேர்வது அங்கேதான். மரத்திலிருந்து முன்னோக்கி ஓடி, அணியத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சாய்மரத்தின் துளைகள் வழியே வெளியே வருபவை ஒருவகை. இவற்றை இழுத்தால் மரம் எழும்பும். மரத்தின் உச்சியிலிருந்து இருபக்கமும் இறங்கிக் கப்பலின் விளிம்பில் கட்டப்படுபவை இன்னொரு வகை. இவை மரம் அளவுக்கு மீறி முன்னே சாயாதபடி பிடித்து நிறுத்துகின்றன. இரண்டாம் வகை நூலை அடிமூட்டுக்கு நேராகவோ சற்றுப் பின்னாகவோ கட்டினால்தான், மரம் பின்னே படுக்கும்போது அது தளரும். என் முதல் கப்பலில் அதை முன்னே தள்ளிக் கட்டிவிட்டேன்; மரம் படுக்கவே மறுத்தது, வலிந்து அழுத்தியதில் முறிந்தது. இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துக்கொண்டு எப்படி எச்சரிப்பது? ஆகவே முதலாவதை எழுப்புநூல் என்றும், இரண்டாவதைத் தாங்குநூல் என்றும் பிரித்துச் சொல்லி வருகிறேன். சாய்மரத்துக்கு மூக்குமரம் என்று பெயர் வைத்திருக்கிறேன். சற்று விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் அது எதுவென எவரும் கேட்டதில்லை.

மடிகப்பல் என்ற பரிந்துரையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாப் புட்டிக்கப்பலும் மடிவதில்லை. உடலையே துண்டுகளாக்கி, நீண்ட இடுக்கியால் ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுசென்று அங்கேயே ஒட்டி எழுப்புபவர்களும் இருக்கின்றனர். கழுத்தைவிட அகலமான கப்பலைக்கூட அவ்வாறு அமைத்துவிடலாம். எனவே மடிப்புமுறை, உட்கட்டுமுறை என்று இரண்டையும் முறைகளின் பெயராக வைத்துக்கொள்வோம்.

வணக்கத்துடன்.

*

அன்புள்ள அம்மா,

மடிகூம்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கூம்புக் குடுவையை நான் மறந்துபோனேன். பழம்பாட்டின் மீதிருந்த ஆசை கண்ணை மறைத்துவிட்டது. மடிமரமும் வினைத்தொகைதான் என்பதால் முக்காலமும் அதில் அப்படியே இருக்கின்றன. கூம்பு வினையாகப் பிழைத்துக்கொண்டதில் எனக்கு மகிழ்ச்சி. கீலைப் பற்றிய தங்கள் எச்சரிக்கை மிகப் பொருத்தமானது. மூக்குமரம் என்ற சொல்லுக்கு எவரேனும் மறுப்புத் தெரிவித்தால், நான் தங்கள் பக்கம் நின்று வழக்காடுவேன்.

இச்சொற்கள் ஒன்றோடொன்று இசைந்து வருகின்றனவா என்று பார்க்க, செய்முறையின் இறுதிக்கட்டத்தை எழுதிப் பார்த்தேன்:

'புட்டிக்குள் கடல் நன்கு உலர்ந்த பிறகு, பருமல்களை மடிமரங்களுக்கு இணையாகத் திருப்பி, காகிதப் பாய்களை வளைத்து, கப்பலைக் கூம்புநிலைக்குக் கொண்டுவரவும். அமரம் முதலில் உள்ளே செல்லுமாறும், அணியம் புட்டியின் வாயை நோக்கி இருக்குமாறும் செலுத்தவும். எழுப்புநூல்கள் அனைத்தும் சிக்கின்றி வெளியே தொங்குகின்றனவா என்று பார்த்துக்கொண்டு, உடலைக் கடலில் பதித்து, அது உறுதியாகப் பிடித்த பின்னரே நூல்களை மெல்ல இழுக்கவும். தாங்குநூல்கள் விறைத்தவுடன் இழுப்பதை நிறுத்தவும். அதற்கு மேலும் இழுத்தால் அடிமூட்டு பெயர்ந்துவிடும். நீண்ட கம்பியின் முனையால் பருமல்களைக் குறுக்காகத் திருப்பி, மூக்குமரத்தின் துளைகளில் சொட்டுப் பசை வைத்து, அது காய்ந்ததும் எஞ்சிய எழுப்புநூலை அறுத்துவிடவும்.'

நான் ஒருமுறையும் செய்து பார்த்திராத வேலை இது. ஆயினும் எழுதுகையில் எங்கும் ஆங்கிலச் சொல்லைத் தேடி நிற்கவில்லை. பிழை ஏதேனும் இருந்தால் தாங்கள் திருத்த வேண்டும்.

கடல் என்று பொதுவாக எழுதிய இடத்தில் மட்டும் தயங்கினேன். நீல வண்ணம் கலந்து அலையலையாகத் தடவும் அந்தப் பசைமாவைச் சுவருக்கு வண்ணம் பூசுபவர்கள் பட்டி என்கின்றனர். அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிட்டவில்லை. ஆனால் புட்டிக்குள் பட்டி என்று எழுதினால், மெய்ப்புத் திருத்துபவர் இரண்டில் ஒன்றை அச்சுப்பிழை என்று எண்ணி மாற்றிவிடுவார்.