பீட்ரூட் பொடி போட்ட தேன்குழல் எண்ணெயில் பழுப்பாகிறது, உதவுங்கள்

காரைக்குடி பலகாரம்:
வணக்கம். கல்யாணச் சீருக்குப் பலகாரம் செய்து கொடுக்கிறேன். இந்த முறை பெண் வீட்டார் ரோஜா நிறத்தில் தேன்குழல் கேட்டார்கள். கடைச் சாயம் வேண்டாமென்று, பீட்ரூட் சாற்றில் மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்திலிருந்து எடுக்கும் வெள்ளைப் பொடி) கலந்து, துளிகளாகத் தெளித்துச் சூடான காற்றில் காயவைக்கும் ஸ்பிரே டிரையரில் கூலிக்குப் பொடியாக்கி வாங்கினேன். மால்டோடெக்ஸ்ட்ரின் உறை போட்ட நிறம், சூடு தாங்கும் என்றார்கள். மாவு பிசைந்தபோது அருமையான ரோஜா நிறம். எண்ணெயில் பிழிந்து, நுரை அடங்கி எடுத்தால் நிலக்கடலைத் தோல் நிறம்! உடைத்துப் பார்த்தால் தடித்த இடங்களில் மட்டும் நடுவில் மெல்லிய சிவப்புக் கோடு. பொடியைக் கூட்டிப் போடலாமா? மீதிப் பொடியும் பத்து நாளில் டப்பாவில் கல்லாகிவிட்டது. சீருக்கு இன்னும் 12 நாள்தான் இருக்கிறது.

தேவகோட்டை தம்பி:
ஆச்சி, கூட்டாதீர்கள். பீட்ரூட்டில் சர்க்கரை உண்டு, இன்னும் கருக்கும். மால்டோடெக்ஸ்ட்ரின் தண்ணீரில் கரைகிற பொருள். மாவில் தண்ணீர் பட்டதுமே உறை கரைந்து நிறம் வெளியே வந்துவிட்டது. பிசையும்போது தெரிந்த ரோஜா நிறமே அதற்குச் சாட்சி. அந்த உறை காப்பதெல்லாம் பொடி டப்பாவில் இருக்கும் நாட்களில்தான். டிரையரில் 160 டிகிரி காற்றடித்தும் நிறம் பிழைப்பதற்குக் காரணம், துளியிலிருந்து நீர் ஆவியாகும்போதே அது குளிர்ந்துகொள்வதும், சில நொடியில் வேலை முடிவதும். உங்கள் சிவப்புக் கோடும் அப்படித்தான்: ஈரம் இருக்கிறவரை உள்ளே சூடு 100ஐத் தாண்டாது. காய்ந்த மேல்பகுதி 170 டிகிரி எண்ணெயில் நின்றதால் அங்கே நிறம் போய்விட்டது.

காரைக்குடி பலகாரம்:
நன்றி தம்பி. அப்போ உறையை மாற்றினால்? அரபிக் கோந்து?

தேவகோட்டை தம்பி:
அதுவும் தண்ணீரில் கரையும். கொழுப்பு உறை போட்டால் எண்ணெயில் உருகிவிடும். பொரிக்கிற பலகாரத்துக்குப் பீட்ரூட் நிறத்தை நான் சொல்லவே மாட்டேன். மஞ்சள் நிறம் சம்மதமென்றால் மஞ்சள் தூளே போதும், சூட்டை நன்றாகத் தாங்கும்.

குன்றக்குடி அக்கா:
ஆச்சி, அந்த ரோஜா நிறத்தை மாவுருண்டைக்குக் கொண்டுபோங்கள். அதில் தண்ணீரே கிடையாது. பிடித்து முழுதும் ஆறியதும், பொடித்த சீனியில் இந்தப் பொடியைக் கலந்து அதன்மேல் புரட்டுங்கள். காய்ந்தபடி பார்த்தால் வெளிறித்தான் தெரியும், அதனால் முதலில் நாலு உருண்டை பிடித்துப் பார்த்துவிட்டு அளவைக் கூட்டுங்கள். பொடி கட்டியானது ஈரத்தால். சாற்றின் சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அடுத்த முறை மால்டோடெக்ஸ்ட்ரினைக் கொஞ்சம் கூட்டச் சொல்லுங்கள், டிஇ 10 வகையாகக் கேளுங்கள் (டிஇ என்பது மாவுச்சத்து எவ்வளவு சர்க்கரையாக உடைந்திருக்கிறது என்ற அளவு; அது குறைந்தால் ஈரம் இழுப்பதும் குறையும்). வந்ததும் சின்னச் சின்ன அலுமினியப் பைகளில் அடைத்து, ஒன்றைத் தீர்த்த பிறகே அடுத்ததைப் பிரியுங்கள். ஈரக் கரண்டி கூடவே கூடாது.

காரைக்குடி பலகாரம்:
கட்டியை உடைத்துச் சலித்து, மாவுருண்டையில் புரட்டினேன். மூன்று நாளாயிற்று, நிறம் மங்கவில்லை. பெண் வீட்டாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். தேன்குழல் வெள்ளையாகவே இருக்கட்டும், இது 200 வேண்டும் என்றார்கள்.